அரை நிமிஷ டாக்டரம்மா

எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டோக்கன் கேட்பதற்கு முன்னால் கேட்பது, "டாக்டரம்மாகூட ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?" என்பதைத்தான். ஜுரத்தில் நிற்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள்கூடக் கேட்பான். "முதல்ல உடம்பைப் பாருய்யா, அப்புறம் மூஞ்சியைப் பாக்கலாம்" என்று நான் எரிந்து விழுவேன். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அவர்களை அப்படியொன்றும் பிடிக்காது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கிளினிக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கிற டாக்டர் இளவரசி என் தங்கை. வெளியே டோக்கன் மேசையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறவள் சுலோச்சனா, அதாவது நான்.

அவளைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசியாகிவிட்டது. முதலில் ஆஹா ஓஹோ என்றார்கள், அப்புறம் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியை வாயில் வந்தபடி ஏசினார்கள். நடந்தது என்ன என்று ஒருத்தரும் முழுசாகக் கேட்கவில்லை. இந்த ஊருக்கு எதையும் முழுசாகக் கேட்கிற பழக்கம் கிடையாது என்பதுதான் என் ஆத்திரமே.

நாங்கள் பக்கத்தில் இருக்கிற பெருநகர் என்கிற கிராமத்துக்காரர்கள். நைனா கன்னியப்பன் நெல் போட்டு, நெல்லை நம்பியே எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை, இளவரசிக்கு அது மட்டும்தான் ஏறியது. அதுவும் சரியில்லை, அவளுக்கு இன்னொன்றும் நன்றாக வரும். யார் பேசினாலும் அப்படியே பேசிக்காட்டுவாள். பால் ஊற்ற வருகிறவர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், எதிர்வீட்டுச் சண்டைக்காரி, எல்லோரும் அவள் வாய்க்குள் இருந்தார்கள். "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணா இது, கூத்தாடிப் பொண்ணாட்டம் கீதே" என்று நைனா திட்டுவார். திட்டிவிட்டு அவரே சிரிப்பார்.

எம்.பி.பி.எஸ்., அதற்கு மேலே எம்.டி. எல்லாம் முடித்துவிட்டு அவள் சென்னையில் தங்காமல் இங்கே வந்து போர்டு மாட்டினாள். பெரிய தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். தேவையில்லாத ஸ்கேனை எழுதச் சொன்னானாம், இவள் எழுதமாட்டேன் என்றாளாம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூக்குக்கு மேல்தான் கோபம் இருக்கிறது.

வீடியோ போட ஆரம்பித்ததும் கோபத்தில்தான். சர்க்கரை வியாதிக்கு அவளிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு விவசாயி, போனில் எவனோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு பொடியை வாங்கித் தின்றார். நினைவில்லாமல்தான் கொண்டுவந்தார்கள். இவளால் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பேஷன்ட் எல்லாம் போனபிறகு நாற்காலியை உதைத்தாள். "அக்கா, நான் ஒவ்வொருத்தருக்கா இங்க உட்கார்ந்து தொண்டை கிழியச் சொல்றேன். எவனோ ஒருத்தன் ஒரு தடவை போன்ல சொன்னா லட்சம் பேர் கேக்கறான். நானும் அதே போன்ல சொன்னா என்ன?" என்றாள்.

சொன்னாள். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், பின்னால் ஒரு திரை. "ரத்த அழுத்தம் என்பது என்னவென்றால்" என்று பாடப்புத்தகத் தமிழில் ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் நானும், நைனாவும், மருந்துக்கடை ஐசக்கும். நைனா அதிலும் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

பிறகுதான் அந்த வாயை எடுத்து உபயோகிக்க ஆரம்பித்தாள். வீடியோவின் ஆரம்பத்தில் டாக்டராக இருக்கமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பாள், டீக்கடைப் பெரியவராக இருப்பாள். நெருப்புச் சுட்ட இடத்தில் தோசை மாவைத் தடவச் சொல்வாள், வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கச் சொல்வாள். அச்சு அசலாக நம் ஊர்ப் பேச்சு. பார்க்கிறவன் சிரித்து, "அட, எங்க அத்தை இப்படித்தான் சொல்லும்" என்று உட்காரும்போது, இவள் சட்டென்று டாக்டராக மாறி, "இப்படிச் சொல்றவங்க பேச்சைக் கேட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் விஷயம்.

பிய்த்துக்கொண்டு போனது. சாலவாக்கத்துக்கு ஒரு சாவுக்குப் போனால்கூட, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் "டாக்டரம்மா, அந்த சாவிக்கொத்து ஒருவாட்டி பேசிக் காட்டுங்க" என்று கேட்டார்கள். காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை திறக்கக் கூப்பிட்டார்கள், போகமாட்டேன் என்றாள். ஆனால் சந்தோஷப்பட்டாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்லது சொல்லிக் கைத்தட்டு வாங்கினால் சந்தோஷப்படக் கூடாதா என்ன?

முதல் வீடியோக்களில் ஊர்க்காரியாகப் பேசும்போது கோட்டைக் கழற்றிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். போகப்போக அதற்கு நேரமில்லை. இரண்டு பேஷன்டுக்கு நடுவில் ஸ்டாண்டில் போனை மாட்டி, விளக்கைப் போட்டு, கோட்டோடேயே பேசிவிடுவாள். குரலைக் கேட்டால் தெரியாதா நடிக்கிறாள் என்று? தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

அப்படிக் கோட்டோடு பேசியதுதான் மஞ்சள் குழந்தை வீடியோ.

"பொறந்த கொழந்த மஞ்சளா கீதா? அட, இதுக்கு ஏம்மா பேஜாரு? காலீல எளம் வெயில்ல அரை மணி நேரம் காட்டு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஓடாத, கண்ணாடிப் பொட்டில போட்டு கொழந்தையப் படுத்தி எடுத்துருவாங்க. நாலு நாள் வெயில் பட்டா தானா எறங்கிப்பூடும்." இதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரி. இதற்கு அப்புறம் டாக்டர்: லேசான மஞ்சள் தானாகப் போகலாம், ஆனால் அது லேசானதா இல்லையா என்று வெயில் சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினால், பால் குடிக்காமல் துவண்டு தூங்கினால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள், அந்த மஞ்சள் மூளைக்குள் போய்விடும். அருமையாகத்தான் சொல்லியிருந்தாள். கடைசிவரைக்கும் கேட்டவர்களுக்கு.

அது வந்து கொஞ்ச நாளில், ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் இருந்து ஒரு பெண் துண்டில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, டோக்கனும் கேட்காமல், என்னையும் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். பின்னாலேயே புருஷன். அவள் பெயர் பிரிஸ்கில்லா, அவன் ஜான். சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. அவளுடைய அம்மா அப்பா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். இவள் பன்னிரண்டாவது முடித்தவள். அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நானும் உள்ளே போனேன். இளவரசி துண்டை விலக்கினாள். குழந்தையின் உள்ளங்காலைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் வெளுக்க வேண்டும், மஞ்சளாக இருந்தது. கன்னத்தைத் தட்டினாள், குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு மாதிரி கீச்சென்று அழுதது. அந்த அழுகையை நான் அதுவரைக்கும் எந்தக் குழந்தையிடமும் கேட்டதில்லை.

"பால் குடிச்சு எவ்ளோ நேரமாச்சு?"

"நேத்துல இருந்து சரியா குடிக்கல மேடம்."

"நேத்துல இருந்தா? இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?" இளவரசி கத்தினாள். வெளியே இருந்த கூட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். "படிச்ச பொண்ணுதானே நீ? உடம்பெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு, தூக்கிட்டு ஓடிவரணும்னு தோணல? வீட்டுலயே வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தியா?"

பிரிஸ்கில்லா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே மேடம் வெயில்ல வெக்கச் சொன்னீங்க."

"நானா? எப்போ சொன்னேன்?"

ஜான் போனை நீட்டினான். அதில் என் தங்கை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பொறந்த கொழந்த மஞ்சளா கீதா, இதுக்கு ஏம்மா பேஜாரு, தானா எறங்கிப்பூடும். அவ்வளவுதான். வீடியோ முடிந்துவிட்டது. மறுபடியும் முதலில் இருந்து ஓடியது.

இளவரசி போனை அவன் கையிலேயே திருப்பித் திணித்தாள். அப்புறம் 108-க்குப் போன் போடச் சொல்லி என்னிடம் கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்ததும், காத்திருந்த அத்தனை பேரையும் அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பெண்ணோடு தானும் ஏறிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பச்சைக் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். நீல விளக்குக்குக் கீழே போட்டார்கள். உயிர் தங்கிவிட்டது. மூளையில் என்ன பாதிப்பு என்று இப்போது சொல்லமுடியாது, காது கேட்கிறதா என்பதைப் பிறகு பரிசோதித்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். "காதுதான் அக்கா முதல்ல போகும்" என்று இளவரசி என்னிடம் போனில் சொன்னாள்.

இங்கே எனக்கு யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. வீடியோவைப் பாதியில் வெட்டினவன் யார்? பொடி விற்கிறவன்தான் பழிவாங்கிவிட்டான் என்று நினைத்தேன். ஜானைக் கேட்டால், ஐசக் அண்ணன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டேன் என்கிறான். ஐசக் என்றால் எங்கள் தெருவிலேயே இருக்கிற மருந்துக்கடை ஐசக். என் தங்கை எழுதுகிற சீட்டுக்கு மருந்து எடுத்துக்கொடுக்கிறவர். ஊரில் எல்லோர் போனிலும் அவர் நம்பர் இருக்கும்.

நேராகக் கடைக்குப் போனேன். "உனக்கு என் தங்கை என்ன கெடுதல் பண்ணா? வீடியோவை ஏன்யா வெட்டினே?"

அவர் மிரண்டுபோய்விட்டார். "நானாக்கா? நான் ஏன்கா வெட்டப்போறேன்? நல்லது நாலு பேருக்குப் போவட்டுமேன்னு டெய்லி ஸ்டேட்டஸ்ல வெச்சிக்கினு வரேன். அது அரை நிமிஷத்துக்கு மேல எடுத்துக்காதுக்கா. அதுவே நிறுத்திக்கும்."

"பாக்கியை?"

"பாக்கிய அவங்கவங்க யூட்யூப்ல போயி பாத்துக்க மாட்டாங்களா?"

கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம் போல இருந்தது, கையில் கிடைத்தது இருமல் மருந்து பாட்டில். அந்த மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அவர் மட்டும் இல்லை. பஞ்சாயத்து ஆபீசில் வேலை செய்கிறவர், பள்ளிக்கூடத்து டீச்சர், எங்கள் சொந்தக்காரர்கள், எல்லோருமே டாக்டரம்மா மேல் உள்ள பிரியத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் ஸ்டேட்டஸை இன்னொருத்தர் இறக்கி, அதை வேறொருத்தருக்கு அனுப்பி, அரை நிமிஷ வீடியோ ஊர் ஊராகப் போயிருந்தது. எதிரி யாராவது செய்திருந்தால் போலீசுக்குப் போயிருக்கலாம். இதற்கு எங்கே போவது?

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்த இளவரசி சாப்பிடவில்லை. கிளினிக்கைத் திறக்கவில்லை. தான் போட்ட வீடியோக்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் அரை நிமிஷம் மட்டும் பார்த்து நிறுத்தினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுட்ட புண்ணில் மாவு தடவு. ஜுரத்தில் குழந்தைக்குச் சோறு தண்ணி கொடுக்காதே. சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு வெந்தயம் சாப்பிடு. எல்லாம் என் தங்கை முகம், என் தங்கை குரல், அந்தக் கோட்டு. வரிசையாக முதல் அரை நிமிஷங்களை மட்டும் பார்த்தால் உத்திரமேரூரிலேயே இவளைவிடக் கேடுகெட்ட போலி டாக்டர் கிடையாது. "எந்தப் பொடிக்காரன்மேல கோபப்பட்டு ஆரம்பிச்சேனோ, அவன் சொன்னதைத்தான்கா நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன்" என்றாள். இன்னும் எத்தனை பேர் எதை நிறுத்தினார்கள், எதைத் தடவினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் அழித்தாள். அழித்து என்ன பிரயோஜனம்? அவள் சேனலில்தான் இல்லை, ஊர் போனில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வீடியோ போட்டாள். நடிப்பு இல்லை, நேராக விஷயம். அதைப் பார்த்தவர்கள் சொற்பம். பார்த்தவர்களும் எழுதினது என்ன தெரியுமா? "டாக்டர் மேல என்ன தப்பு? பெத்தவளுக்கு அறிவு எங்க போச்சு?" என்று. படித்த ஜனங்கள் எழுதினது. எனக்கு ரத்தம் கொதித்தது. பெற்றவளுக்கு அறிவு இருந்தது, அதனால்தான் டாக்டர் சொன்னதைக் கேட்டாள். ஊர்க்காரி பேச்சைக் கேட்காதே, டாக்டர் பேச்சைக் கேள் என்று அத்தனை நாளாக அவள் காதில் ஓதினது நாம்தானே?

இளவரசி அந்தக் கமென்டுகளுக்குக் கீழே, அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினாள். அதற்கு ஒருத்தன், "மேடம் ரொம்ப நல்லவங்க" என்று கைகூப்பின படம் போட்டான். நாசமாய்ப் போக.

கிளினிக்கைத் திறக்க வைத்தது நான்தான். பேஷன்ட் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் அவள் பழைய இளவரசி இல்லை. ஒரு மாத்திரையை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்பாள். அவர்கள் விழிப்பார்கள். திரும்பவும் சொல்வாள். கூட்டம் நகரவே நகராது. வெளியே இருக்கிறவர்கள் முணுமுணுத்தால் நான் திட்டுவேன். அவள் யாரையும் பேசிக்காட்டுவதும் நின்றுவிட்டது.

பிரிஸ்கில்லா பையனைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தபோது அவனுக்குத் தலை நின்றிருந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கூட்டத்தில் யாரோ இரும்பு நாற்காலியைக் கீழே தள்ளி, எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். டோக்கன் கொடுக்காமலே உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"டெஸ்ட் பண்ணிட்டாங்க மேடம். ரெண்டு காதும் கேக்கல" என்றாள் பிரிஸ்கில்லா. அழவில்லை.

இளவரசிதான் அழுதாள். "என்னை மன்னிச்சுடும்மா. நான் இன்னொரு வீடியோ போடறேன். உன் பேரைச் சொல்லமாட்டேன். முதல் வார்த்தையிலேயே சொல்றேன், என்னாலதான் ஒரு குழந்தைக்குக் காது போச்சுன்னு. வெட்ட முடியாதபடி சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

"வாணாம் மேடம்."

"ஊருக்குத் தெரியணும்மா. இன்னொரு குழந்தைக்கு இப்படி..."

"வாணாம்னு சொல்றேன் இல்ல?" பிரிஸ்கில்லாவுக்குக் குரல் உயர்ந்தது. பையன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கே எனக்குத் தெரியும் மேடம். கொழந்த சொணங்கிப் போச்சு, பால் இழுக்கல, இது சரியில்லன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அயுதுக்கினே சொன்னேன். எங்க வூட்டுக்காரரு போன்ல உங்க மூஞ்சக் காட்டினாரு. நான் பெத்த புள்ளய நானே பாத்து, என் கண்ண நம்பாம உங்கள நம்பினேன். நீங்க இன்னா சொன்னாலும் ஜனங்க நம்புவாங்க மேடம். அதான் எனக்கு பயமா கீது."

ஊரையே திட்டுகிற எனக்கு அந்தப் பெண்ணைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"ஊருக்கு அப்புறமா சொல்லிக்குங்க" என்றாள் பிரிஸ்கில்லா. "இவன் பேசணும்னா நான் இன்னா பண்ணணும்? எங்க போவணும்? அத எனக்குச் சொல்லுங்க. மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க."

இளவரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதுக்குள் வைக்கிற கருவியைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆபரேஷனுக்கு யாரைப் பார்க்கவேண்டும், அதற்கு முன்னால் என்னென்ன பரிசோதனை, எல்லாக் குழந்தைக்கும் அது பலிக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தள்ளிப்போடக்கூடாது என்றாள். தினமும் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து வாயைக் காட்டிப் பேசச் சொன்னாள். தானும் கூட வருகிறேன் என்றாள். வெளியே கூட்டம் கதவைத் தட்டியது, நான் போய்ச் சத்தம் போட்டு அடக்கிவிட்டு வந்தேன். பிரிஸ்கில்லா தலையைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்து இளவரசி எழுந்தாள். பிரிஸ்கில்லா எழுந்திருக்கவில்லை. பையனை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவ்ளோதானா மேடம்? இன்னும் எதுனா பாக்கி கீதா?"